இடப்பக்க மூக்குத்தி

தாமுவே, இரங்கூன்
1926 ஆகஸ்டு 3

சிவகாமசுந்தரிக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தை ஜெயம்மாவுக்கு இருமல் விட்டதா? ரயில் கார்டு அப்பாசாமியிடம் அவளுக்கு ஒரு கவுன் கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்திருக்கும். நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி உன் அக்காளுக்குத் தலைத்திவசம். அம்சவேணி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று எழுதும்போதே கை நிற்கிறது. படம் வைத்துச் செய்யவேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். படம் எங்கே இருக்கிறது? கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோவில் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றிச்சுட்டியும் பூவும்தான் தெரிகிறது. இரங்கூனில் செத்தவர்களுக்கெல்லாம் படம் எழுதிக் கொடுக்கிறவன் பெண்டாட்டிக்கு ஒரு படம் இல்லை.

ஒன்று சொல்கிறேன், மாமாவிடம் சொல்லாதே. எனக்கு அவள் முகம் வரவில்லை. கண்ணை மூடினால் அவள் கை வருகிறது, கொண்டை வருகிறது, கொலுசு போட்ட கால் வருகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள்தான் இருக்கிறது. பதினாறு தாள் கிழித்துவிட்டேன்.

காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சண்டைக்குப் போய், சண்டை முடிந்ததும் பாரிஸில் ஒரு சித்திரப் பள்ளியில் இரண்டு வருஷம் மேடையில் உட்கார்ந்திருந்தேன் என்று அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். நான் வரைய உட்காரவில்லை, என்னை வரையத்தான் உட்கார்த்தினார்கள். ஒரு நாள் தலைப்பாகை கட்டி ராஜா ஆக்குவார்கள். மறுநாள் கையில் சாமரம் கொடுத்து அடிமை ஆக்குவார்கள். தாளின் அடியில் ‘இந்துக்காரன்’ என்று எழுதுவார்கள். இரண்டு வருஷத்தில் என் பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கீழே விழுந்த சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பொறுக்கித்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். காவி, கறுப்பு, வெள்ளை என்று மூன்று கட்டி இருந்தால் தோலும் நிழலும் வெளிச்சமும் வந்துவிடும் என்பது அவர்கள் வித்தை. உதட்டுக்கும் புடவைக்கும் மட்டும் மற்ற வண்ணங்கள். ஆனால் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும். ஆள் இல்லாமல் இந்த வித்தை நடக்காது.

உன் முகத்தில் அவள் முகம் பாதி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று நாள் வந்து உட்கார்ந்தாயானால் மீதியை நான் பிடித்துக்கொள்வேன். அவளுடைய ஊதாப் புடவை பெட்டியில் இருக்கிறது, அதைக் கட்டிக்கொண்டால் போதும். மாமாவும் குழந்தையும் கூடவே வரட்டும்.

பொன்னுத்துரை

*

மாவ்பி
1926 ஆகஸ்டு 9

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். “அது யாரு காயிதம் சித்தி?” என்று ஜெயம்மா கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பியது.

உயிரோடிருப்பவளைச் செத்தவளாக உட்கார வைத்துப் படம் எழுதுவது எந்த ஊர் வழக்கம்? பாரிஸ் வழக்கமாக இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா எனக்கு எழுதிய கடிதங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ‘அவரிடம் என்னை ஒரு தரம் வரையச் சொன்னேன், நாளைக்கு என்கிறார்’ என்று கல்யாணமான முதல் வருஷத்துக் கடிதத்தில் இருக்கிறது. மூன்றாம் வருஷத்துக் கடிதத்திலும் அதே ‘நாளைக்கு’. அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றி எழுதவில்லை. அப்போது உங்களுக்கு ஆள் எதிரே இருந்தது. இப்போது முகம் வரவில்லை என்கிறீர்கள். எனக்கு இதைப் படிக்க அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

ஆனாலும் வருகிறேன், ஜெயம்மாவுக்காக வருகிறேன். பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா நேற்று “உங்க அம்மா எப்படி இருப்பா?” என்று கேட்டபோது குழந்தை திரும்பி என்னைப் பார்த்தாள். நாலு வயது ஆகிறது, மறந்துகொண்டு வருகிறாள். அவளுக்கு அம்மா முகம் என்று ஒன்று வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அக்காளுக்கு மூக்குத்தி இடப்பக்கம். சின்ன வயதில் வலப்பக்கம் குத்தினது சீழ் வைத்துத் தூர்ந்துபோனதால் மறுபக்கம் குத்தினார்கள். பெண் பார்க்க வந்தபோது உங்கள் அம்மாவே அதைக் கேட்டார்களே. எனக்கு எல்லோரையும்போல வலப்பக்கம்தான். வரையும்போது மாற்றிப் போடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வருஷம் கழிந்ததும் என்னை உங்களுக்கே கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். உங்களைக் கேட்டார், ஐயரைக் கேட்டார், என்னை மட்டும் கேட்கவில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்காளின் புடவையைக் கட்டிக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்காருவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

வரும் புதன்கிழமை காலை வண்டியில் வருகிறோம்.

சிவகாமசுந்தரி

*

தாமுவே, இரங்கூன்
1926 ஆகஸ்டு 29

சிவகாமசுந்தரிக்கு,

படம் முடிந்தது.

நீ உட்கார்ந்த மூன்று நாளில் உருவமும் புடவையும்தான் வந்திருந்தது, உனக்கே தெரியும். முகத்தில் நான் வைக்கிற கோட்டையெல்லாம் ரொட்டியின் உள்சதையால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தேன். மேலோடெல்லாம் ஜெயம்மா வயிற்றுக்குப் போயிற்று. நீயோ ரயில் எப்போது என்பதுபோல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீங்கள் மூவரும் கிளம்பிய பிறகு இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தை எழுதினேன். நாற்காலியை நகர்த்தவில்லை. ஊதாப் புடவை அதன் முதுகில் கிடந்தது. தாளிலிருந்து நிமிரும்போதெல்லாம் யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போனதுபோல இருந்தது. ஒரு தரம் “கொஞ்சம் திரும்பு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு ஜைனப் அக்கா சுவருக்கு அந்தப் புறமிருந்து “யாரு தம்பி வந்திருக்கா?” என்று குரல் கொடுத்தாள். நான் நாற்காலியைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டியை எடுத்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் தரையில் விழுந்த காவித்தூளில் ஒரு காலடி இருந்தது, சின்னக் கால். நீ நடந்ததாக இருக்கலாம். நீ போன பிறகு நான் பெருக்கினேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று. பதினாறு தாளில் வராத முகம் இந்தத் தாளில் ஒரே ஓட்டமாக வந்தது. கை தானாகப் போயிற்று. கடைசியில் வெள்ளைக்கட்டியை அழுத்தி மூக்குத்தியை வைத்ததும் முக்காலியை விட்டு எழுந்து அழுதேன். அம்சவேணி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்தத் தூள் தாளில் நிற்பதற்கு அரக்குத் தண்ணீர் ஊதுவார்கள். ஊதினால் தோல் மங்கிப்போகும், அதனால் நான் ஊதவில்லை. கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை யாரும் விரலால் தொடக்கூடாது.

பதினான்காம் தேதி மூவரும் வந்துவிடுங்கள். ஜெயம்மா கையால் பூப் போடச் சொல்லவேண்டும்.

பொன்னுத்துரை

*

மாவ்பி
1926 செப்டம்பர் 20

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது சிவகாமசுந்தரி. உயிரோடு இருக்கிறேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

திவசத்தன்று நான் சாப்பிடாமல் கிளம்பியதற்கு ஐயர் கோபித்துக்கொண்டதாக அப்பாசாமி அண்ணன் சொன்னார். கோபிக்கட்டும். படையல் போட்டதே எனக்கல்லவா?

வாசற்படி ஏறினதும் பார்த்தேன். சாமந்தி மாலை, சட்டத்தில் சந்தனம், முன்னால் விளக்கு. அதற்கு நடுவே நான் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று வாசற்படியிலேயே நின்றேன். ஜைனப் அக்காதான் வாயைத் திறந்தாள். “தம்பி, இது நம்ம சிவகாமில்ல? அம்சாவுக்கு மூக்குத்தி அந்தப் பக்கமில்ல?” என்றாள். அப்போதுதான் நீங்களே திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தபோது, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரிந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜெயம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, நீ செத்துட்டியா?” என்று கேட்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு எப்படி வந்தேன் என்பது நினைவில்லை. வந்ததும் எனக்கு நாலு நாள் காய்ச்சல். இப்போது விட்டுவிட்டது. ஆனால் குழந்தை தினமும் எழுந்ததும் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். மூச்சு வந்தால்தான் பல் விளக்கப் போகிறாள். நான் கண்ணாடி முன் நின்று, இங்கத்திய பெண்களைப்போலத் தனக்கா மரச்சாந்து பூசும்போது என் முகமே தூளால் செய்தது போலத் தெரிகிறது. தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று கை தயங்குகிறது. இருபத்திரண்டு வயதில் என் முகத்தைத் தொட நானே பயப்படுகிறேன் அத்தான்.

உங்களை மேடையில் உட்கார்த்தி ராஜா என்றும் அடிமை என்றும் வரைந்தவர்கள் உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்று குறைப்பட்டு எழுதினீர்களே. நீங்கள் என் முகத்தை எடுத்துக்கொண்டு அடியில் அக்கா பெயரை எழுதினீர்கள். உங்களுக்காவது சாமரம்தான் கொடுத்தார்கள், எனக்கு மாலையே போட்டுவிட்டீர்கள்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிடுங்கள். அது உங்கள் சுவரில் இருக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

ஒரு கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் நீங்கள் வரைந்தது யாரை? இந்தத் தையில் முகூர்த்தம் வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார். அக்காளைத் தேடி என் முகத்துக்குள் வந்தீர்களா, அல்லது என்னைப் பார்த்தீர்களா என்பது தெரியாமல் நான் அவருக்கு ஒன்றும் சொல்லமுடியாது.

சிவகாமசுந்தரி

*

தாமுவே, இரங்கூன்
1926 அக்டோபர் 4

சிவகாமசுந்தரிக்கு,

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். உன்னைத்தான் வரைந்தேன். மூக்குத்தி இடப்பக்கம் என்று நீ எழுதியது நினைவில் இருந்தது, முதல் நாளே தாளின் ஓரத்தில் ‘இடம்’ என்று குறித்துக்கூட வைத்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாய். அதன் பிறகு அம்சவேணியை நான் தேடவில்லை. தேடுவதாக நினைத்துக்கொண்டே உன்னை எழுதினேன். அது இவ்வளவு பெரிய பாவமாக முடியும் என்று தெரியாது. மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும்.

நீ போன அன்றே மாலையைக் கழற்றிவிட்டேன். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, மேலே ஒரு வெள்ளைத்தாளை மூடி, அதன்மேல் பலகையை வைத்தேன். பார்க்கத் தைரியம் இல்லை. பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் பத்து நாளும் மழை. கூரை ஒழுகிப் பலகை நனைந்து, தாளும் ஈரம் கோத்துப்போயிருந்தது. உன் கடிதம் வந்த பிறகு கட்டி அனுப்பலாம் என்று பலகையை எடுத்து, தாளைத் தூக்கினேன்.

பாரிஸில் இதை வேண்டுமென்றே செய்வார்கள். ஈரத்தாளைச் சுண்ணப் படத்தின்மேல் வைத்து அழுத்தினால் கொஞ்சம் தூள் அதில் ஏறி, உருவம் இடம் வலம் மாறி விழும். இதில் மாயம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேல்தாளில் இருந்தவளுக்கு மூக்குத்தி இடப்பக்கம். நீ ஜன்னலைப் பார்த்தாய், அவள் எதிர்ப்புறத்து வாசலைப் பார்க்கிறாள். பாதித் தூள்தான் ஏறியிருப்பதால் வெளிறி, கன்னம் வற்றி, கண்ணுக்குக் கீழே நிழல் கட்டியிருக்கிறது. நோயில் கிடந்த கடைசிப் பதினொரு நாள் அவள் அப்படித்தான் இருந்தாள். ஒரு வருஷமாக எனக்கு வராத முகம் அது.

ஜைனப் அக்கா உன்னிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ, நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்சவேணி போன அன்று நான் ஆற்றோரம் ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டில் அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரை வரைந்துகொண்டிருந்தேன். ஜைனப் அக்கா இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். “காது மட்டும் மிச்சம், முடிச்சிட்டு வந்திர்றேன்னு சொல்லு” என்று இரண்டு தரமும் திருப்பி அனுப்பினேன். விளக்கு வைத்த பிறகுதான் வந்தேன். அவள் தலை வாசல் பக்கம் திரும்பியிருந்தது. “இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தா” என்று ஜைனப் அக்கா சொன்னாள். நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பயந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதனால்தான் எனக்குக் கால் நினைவிருக்கிறது.

இரண்டு தாளையும் தனித்தனிப் பலகைக்குள் வைத்து அப்பாசாமியிடம் அனுப்புகிறேன். உன்னுடையதை நீ என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். மற்றதை ஜெயம்மாவிடம் காட்டு. எனக்குப் பித்துப் பிடித்துத் தெரிகிறதா, உண்மையிலேயே அவள் முகமா என்று வேறு யாராவது சொல்லவேண்டும்.

நீ இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்ற உண்மையெல்லாம் சொல்வதில் அர்த்தமில்லை. முடிவு உன்னுடையது, மாமாவிடமும் அப்படியே எழுதிவிட்டேன்.

பொன்னுத்துரை

*

மாவ்பி
1926 அக்டோபர் 21

அத்தானுக்கு,

அப்பாசாமி அண்ணன் பலகைகளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரு மூலைகூட மடங்கவில்லை.

முதலில் என் படத்தைத் தரையில் வைத்தேன். ஜெயம்மா ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்தேன். வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். படத்தின் மூக்கைப் பார்த்தாள், என் மூக்கைத் தொட்டாள். “இது நீ இல்ல சித்தி” என்றாள். “அப்ப யாருடி?” என்று கேட்டேன். “அமே” என்றாள். இங்கே பர்மாக்காரப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற வார்த்தை அது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக இல்லை. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உங்களுக்குப் பித்து இல்லை, அது அக்காள்தான்.

மறுநாள் சந்தையில் ரொட்டி வாங்கி, நீங்கள் செய்ததுபோல உள்சதையை உருட்டி என் படத்தை ஒற்றி எடுத்தேன். முதலில் நெற்றி, அப்புறம் கண், வாய், கழுத்து. ரொட்டி உருண்டையெல்லாம் காவி நிறமாயிற்று. மூக்குத்தி மட்டும் லேசில் போகவில்லை. வெள்ளைக்கட்டியை அவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள். நகத்தால் சுரண்டினேன். மேலோட்டை வழக்கம்போல ஜெயம்மா தின்றாள். கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன் போய் நின்று என் கன்னத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் உதிரவில்லை. இன்று காலையில் குழந்தை என் மூச்சைப் பார்க்காமலே பல் விளக்கப் போய்விட்டாள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கட்டிக்கொள்ளமாட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார், இப்போது சாப்பிடுகிறார்.

உங்கள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. என்னைத்தான் பார்த்தேன் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? ஆனால் அக்காள் அந்த வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்வைக்குக் குறுக்கே நான் எப்படி நடமாடுவேன்? நான் விளக்கேற்றினாலும் அவள் ஏற்றியதாகத் தெரியும். நீங்கள் என்னைக் கூப்பிட்டால் அவளும் திரும்புவாள். என்னால் முடியாது அத்தான்.

ஜெயம்மா என்னிடமே இருக்கட்டும். மாதம் ஒரு தரம் வந்து பாருங்கள். வரும்போது கட்டிகளைக் கொண்டுவந்து அவளை உட்கார்த்தி வரையுங்கள், நாளைக்கு என்று சொல்லவேண்டாம்.

அக்காளைத் திருப்பி அனுப்புகிறேன். தூள் கொஞ்சம்தான் இருக்கிறது, முதலில் கண்ணாடி போடுங்கள். மாலையும் போடுங்கள், இது அவளுக்கு உரியதுதான். பார்வை வாசலுக்குப் போகும்படி பார்த்து மாட்டுங்கள். அப்புறம், யார் வீட்டில் எந்தப் படத்தில் காதோ மூக்கோ எது மிச்சம் இருந்தாலும் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிவகாமசுந்தரி